அப்பாவின் கட்டில் நகர்ந்த தெரு

மனு எழுதிய அன்று மரத்தடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா, எதிர்வீட்டு அத்தை, தெருமுனையில் தையல்கடை வைத்திருந்த மாமா, கடைசி வீட்டுப் பெரியம்மா, முழுத்தாளும் பேனாவுமாக நான். பகல் ஷிப்டுக்குப் போனவர்கள் இல்லை. வருவதாகச் சொல்லியிருந்த கவுன்சிலர் வரவில்லை. அப்பாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எங்களிடமிருந்து நாலடி தள்ளி, அதே புங்கமர நிழலில், கயிற்றுக் கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

அத்தை, மாமா என்று நான் எழுதுகிற யாரும் எங்களுக்குச் சொந்தமில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு ஒருவர் குடிவந்த மறுநாளே அவருக்கு ஓர் உறவுமுறை வந்துவிடும். எதிர்வீட்டு அத்தை அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை மதினி என்பார். அப்படித்தான் எல்லாம்.

அப்பா வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மற்றவர்களுக்கு ஷிப்டு வாரம் மாறி வாரம் வரும். அப்பா மட்டும் பிறரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு எப்போதும் முழு நைட்டே பார்ப்பார். முழு நைட்டுக்குத் தனியாக பேட்டா உண்டு. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. மாதா கோயிலில் முழங்காலிட்டு மனப்பாடமாகச் சொல்லும் செபங்கள்தான் அப்பாவும் அம்மாவும் படித்த பாடம். அப்பா எங்கேயும் கைநாட்டுத்தான் வைப்பார்.

ராத்திரி வேலை பார்க்கிறவன் பகலில் தூங்க வேண்டும். எங்கள் வீடு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அதில் அம்மா சமைப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், வரிசையாக யாராவது வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் அப்பாவின் படுக்கையறை தெருதான்.

தெரு வடக்குத் தெற்காக ஓடியது. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், நடுவில் மண் பாதை. மேற்குச் சாரியில் எங்கள் வீடு. அந்தப் பக்கமாகவே ஐந்து புங்கமரங்கள் நின்றன. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. மில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்பது மணிக்கு வரும் அப்பா, கைகால் கழுவி, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, எதிர்வீட்டுச் சுவரோரமாகக் கட்டிலைப் போட்டுப் படுப்பார். காலை வெயிலுக்கு அந்தப் பக்கத்து வீடுகளின் நிழல் தெருவில் விழும். பதினொரு மணிவாக்கில் அந்த நிழல் சுருங்கிச் சுவருக்குள்ளேயே போய்விடும். அப்போது அத்தை வாசலுக்கு வந்து குரல் கொடுப்பார்.

"மதினி! அண்ணனுக்கு மூஞ்சியில வெயிலு வந்துருச்சு. வாங்க, தூக்குவோம்."

தலைமாட்டை அம்மாவும் கால்மாட்டை அத்தையும் பிடித்து, அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் வைப்பார்கள். அப்பா ஒல்லி. அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மணிக்கு மரத்தடியிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரோரத்துக்கு இன்னொரு பயணம். நாலு மணிக்கு எழுந்து, "நான் எங்க படுத்தேன், எங்க எந்திரிக்கேன் பாரு" என்று தினமும் புதிதாகச் சிரிப்பார்.

"இப்படியே தூக்கிட்டுப் போயி சந்தையில வித்துட்டு வந்தாக்கூட எங்கண்ணனுக்குத் தெரியாது" என்பார் அத்தை.

"யாரு மதினி வாங்குவா? எலும்பும் பஞ்சும்தான் இருக்கு" என்பாள் அம்மா.

தெருப் பெண்களுக்கு அப்பாவின் கட்டில்தான் கடிகாரம். கட்டில் மரத்தடிக்கு வந்தால் உலை வைக்க வேண்டும். எங்கள் சுவருக்கு வந்தால் குழாயில் தண்ணீர் வரும் நேரம். "அவரு இன்னும் மரத்தடியிலதான் கெடக்காரு, அவசரமில்ல" என்று கடைசி வீட்டுப் பெரியம்மா செத்த நேரம் கூடுதலாக உட்கார்ந்து பேசுவார். பங்குனியில் புங்கமரம் பழைய இலையெல்லாம் கொட்டித் தளதளவென்று புதுசு விடும். அதன்பிறகு பொரிபோலப் பூ உதிரும். தலையில் மில் பஞ்சும் அதன்மேல் புங்கம்பூவுமாக அப்பா தூங்குவார். கல்யாண மாப்பிள்ளைபோல இருக்கும்.

சத்தம் அவரை எழுப்பியதே இல்லை. நூல் மில்லில் அத்தனை வருடம் இருந்தவர் காதுக்கு, தெருவின் சத்தமெல்லாம் ஒரு சத்தமா? ஐஸ்காரர் மணியடிப்பார், பிள்ளைகள் பந்தடிப்பார்கள், பண்டிகைக்கு வெடி வெடிக்கும். அசைய மாட்டார். கண்ணிமையில் ஒரு காசு அளவு வெயில் பட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு அன்றைக்குத் தூக்கம் வராது. கண் சிவக்க அப்படியே மில் பஸ்ஸுக்குப் போவார். அதனால்தான் இரண்டு பெண்களும் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முழு நைட்டு பார்த்துவிட்டு வந்தவனை எதற்காகவும் எழுப்பக் கூடாது. கடன்காரன் வந்தாலும், விருந்தாளி வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஒருமுறை ஊரிலிருந்து அப்பாவின் தம்பி வந்து மூன்று மணிநேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "அண்ணனப் பாத்துட்டேன் மதினி, வாரேன்" என்று பஸ்ஸேறிப் போய்விட்டார்.

மனு எழுதிய அன்றும் அந்தச் சட்டப்படிதான் நடந்துகொண்டோம்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் சிவில் இரண்டாம் ஆண்டு. அந்த ஐப்பசி மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. தையல்கார மாமா கடையில் தொங்கவிட்டிருந்த ஒரு பட்டுப் பாவாடையில் சைக்கிள் சக்கரம் சேற்றை வாரி அடித்துவிட்டது. பாவாடைக்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சாக்கடையில் கொசு. மழை விட்டு நாலு நாள் ஆகி, வெயில் அடிக்கத் தொடங்கியதும் மாமாதான் ஆரம்பித்தார்.

"மாப்ள, நீதான் படிச்சவன். முனிசிபல் ஆபீசுக்கு ஒரு மனு எழுது. ரோடு போடச் சொல்லு. நல்லா ஒறைக்கிற மாதிரி எழுது."

என்னிடம் ஒருவர் எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாடப் புத்தகத்தில் சாலையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று உண்டு. ஜல்லி, மணல், கான்கிரீட் எல்லாம் அடுக்கடுக்காக. அந்தப் படத்தில் மரம் கிடையாது. தூங்குகிறவரும் கிடையாது. நான் எழுதினேன். 'எங்கள் தெருவில் கிழக்குச் சாரிச் சுவர் முதல் மேற்குச் சாரிச் சுவர் வரை, ஓரடி மண்ணும் மீதமின்றி, சிமெண்டுத் தளம் அமைத்துத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.' உரக்கப் படித்துக் காட்டினேன். 'ஓரடி மண்ணும் மீதமின்றி' என்ற இடத்தில் பெரியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"வாத்தியாரு மாதிரில்ல எழுதியிருக்கான்" என்றார்.

மாமா மட்டும் மேலே பார்த்தார். "மரத்தச் சுத்தி விட்ருவாங்கல்ல மாப்ள?"

"அதெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க மாமா. நாம கேக்குறதுல தெளிவா இருக்கணும்."

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொன்னதாக மாற்றி எழுத வழியில்லை.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு அப்பாவின் பெருவிரல் வேண்டும். நான் மைப்பெட்டியோடு கட்டிலைப் பார்த்தேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"ஏலே, வேணாம்லே. மனுசன் இப்பத்தான் அசந்திருக்காரு. நீயே போட்டுரு. எங்கண்ணன் என்ன வேணாம்னா சொல்லப்போறாரு?"

அம்மாவும் தலையாட்டினாள். அப்பாவின் பெயரை எழுதி, 'அவருக்காக மகன்' என்று நான் கையெழுத்திட்டேன். அந்தத் தெருவில் பகலில் அதிக நேரம் இருந்தவர் அவர். அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தூக்கம் கலையக் கூடாது என்று கேட்காமல் விட்டோம்.

அடுத்த கோடையில் வேலை வந்தது. காண்டிராக்டரின் மேஸ்திரி என் மனுவின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அளந்து பார்த்துவிட்டு ஐந்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடையாளம் போட்டார். மாமா ஓடிவந்தார்.

"ஏப்பா, மரம் எதுக்கு?"

"நீங்கதானய்யா சுவருக்குச் சுவரு கேட்டீங்க? ஓரடி மண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னு கேட்டீங்க. மரத்த விட்டா மண்ணு இருக்குமே." தாளை விரித்துக் காட்டினார். அவர்மேல் தப்பில்லை.

மரம் வெட்டுகிறவர்கள் நாலு பேர் கோடாலியும் கயிறுமாக வந்தபோது மணி பன்னிரண்டரை. அப்பா மரத்தடியில். மேஸ்திரி கட்டிலைப் பார்த்தார்.

"யாரு இது?"

"முழு நைட்டு" என்றார் அத்தை. வேறு விளக்கம் சொல்லவில்லை.

மேஸ்திரியின் அண்ணனும் மில்காரராம். "அப்ப எழுப்ப வேணாம்ப்பா. வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோடாலியைத் தொடாமல், இரண்டு மணிவரை அவர்கள் தையல்கடை வாசலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு அம்மாவும் அத்தையும் வழக்கம்போலக் கட்டிலைத் தூக்கினார்கள். கிளை விழாத தூரத்துக்கு, நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அதன்பிறகு கோடாலி விழுந்தது. மரம் சாய்ந்தபோது தெருவே அதிர்ந்தது. அப்பா புரண்டு படுத்தார்.

நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர், வழக்கம்போலச் சிரிக்கவில்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன, இம்புட்டு வெளிச்சமா இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வெட்டிப் போட்டிருந்த கிளைகளைப் பார்த்தார். அவற்றில் அந்த வருடத்துப் பூ அப்படியே இருந்தது.

"ரோடு வருதுப்பா" என்றேன்.

"வரட்டும், வரட்டும். நல்லதுதான்" என்றார்.

சிமெண்டுத் தளம் வந்த முதல் வாரம் திருவிழாபோல இருந்தது. பிள்ளைகள் வழுக்கி விளையாடினார்கள். அம்மா ஒரு முழு நாள் வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள். நான் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினேன். தெருவில் எங்கேயும் ஒரு பிடி மண் இல்லை.

திண்டுக்கல்லில் இருப்பவர்களுக்கு மலைக்கோட்டைப் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது இறங்கியபின் அடிவாரத்து வீடுகள்மேல் மூச்சுவிடும். நாங்கள் தள்ளியிருந்ததால் எங்களுக்கு அந்த மூச்சு வராது. இப்போது பாறையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து எங்கள் தெருவில் படுக்கப் போட்டதுபோல ஆகிவிட்டது. குழாய்க்குச் செருப்பில்லாமல் போய்வந்து பழகிய அம்மா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி வருவாள். "கோழி மாதிரி போறீங்களே மதினி" என்று அத்தை கேலி செய்வார். பிறகு அவரும் அப்படித்தான் போவார்.

காலையில் எதிர்ச்சுவர் நிழலில் அப்பா படுத்துப் பார்த்தார். பதினொரு மணிக்கு அத்தை குரல் கொடுத்தார், அம்மா வந்தாள், இருவரும் கட்டிலைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் எங்கே வைப்பது என்று இருவரும் நின்றார்கள். கட்டிலைப் பிடித்தபடி வெயிலில் நின்ற அந்த இரண்டு பேரும் எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறார்கள். அப்பா விழித்துவிட்டார். "எறக்குங்கம்மா, நானே நடந்துக்கிறேன்" என்றார். தெருவுக்கு அன்றிலிருந்து கடிகாரம் இல்லை.

வீட்டுக்குள் படுத்தார். சாலையைச் சரளை கொட்டி உயர்த்திப் போட்டிருந்ததால் எங்கள் வாசற்படி தெருவுக்குக் கீழே போயிருந்தது. தரையில் படுத்தால் அப்பாவின் தலைக்குமேல் தெரு. அதன் சூடு கதவு வழியாக அப்படியே இறங்கும். அம்மா நனைத்த சாக்கைச் சன்னலில் தொங்கவிட்டாள். டேபிள் ஃபேன் அனலை எடுத்து முகத்தில் வீசியது. மழை பெய்தபோது வேறு கூத்து. முன்பெல்லாம் மரத்தடி மண் குடித்துவிடும். இப்போது ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் தெருத்தண்ணீர் முழுதும் ஓடிப்போய்க் கடைசி வீட்டுப் பெரியம்மா வாசலில் குளமாக நின்றது. சேறு வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர் வீட்டுக்குள்ளேயே கொசு முட்டையிட்டது. சில வருடம் கழித்து மூட்டுகளையெல்லாம் முடக்குகிற அந்தக் கொசுக்காய்ச்சல் ஊரெங்கும் வந்தபோது, எங்கள் தெருவில் முதலில் விழுந்தவர் அவர்தான். விரல்களை நீட்ட முடியாமல், ரொம்ப நாள் மற்றவர்கள்தான் அவருக்குத் தலை பின்னிவிட்டார்கள். தெருமுனை அடிபம்பு நாலைந்து கோடைக்குள் வெறும் காற்றைத் துப்பத் தொடங்கியது. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, தெரு மட்டத்துக்கு உயர்ந்து, தளம் போட்ட மாடி வீடுகளாயின. ஒரு வீட்டின் சூட்டை அடுத்த வீட்டுச் சுவர் வாங்கிக்கொள்ளும். காற்றுக்கு ஒரு சந்துகூட விடவில்லை. கோடை மாசியிலேயே வந்துவிடுவதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள். உலகமே சூடாகிறது என்று செய்தித்தாளில் படித்தேன். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் தெரு சூடானதற்கு என் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, ரோடு வந்த அந்த வருடமே, ஒருநாள் அப்பா சாப்பிட்டதும் பாயைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டினார். "எங்க?" என்று கேட்ட அம்மாவிடம், "எடம் பாத்து வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்குத் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. இப்படி ஒரு வாரம். பிறகு மாமாதான் கண்டுபிடித்து வந்து சொன்னார்.

"மாப்ள, ஒங்கப்பா கல்லறைத் தோட்டத்துல படுத்திருக்காரு."

எங்கள் கோயிலுக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டத்தில் யாரும் ரோடு கேட்கவில்லை. அங்கே புளியும் வேம்பும் புங்கமும் அடர்ந்து நின்றன. கோயிலையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அப்பாவுக்குத் தெரிந்தவர். சின்னக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். இரண்டு பழைய கல்லறைகளுக்கு நடுவே பாயை விரித்து அப்பா தூங்கியிருக்கிறார். தெருவே சிரித்தது.

"அண்ணே, இப்பவே எடம் புடிச்சுட்டீகளா?" என்றார் அத்தை.

"ஆமா தங்கச்சி. பக்கத்துல ஒனக்கும் துண்டு போட்டு வச்சிருக்கேன்."

அம்மா சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கவரு கல்லறையில போயிப் படுக்கலாமா? எனக்கு வயிறு எரியுது" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிச் சைக்கிளில் தொங்கவிட்டாள்.

அங்கே அப்பா ஏழெட்டு மாதம் தூங்கினார். ஒருநாள் மதியம் ஓர் அடக்கம் வந்தது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்று கோயில்பிள்ளை பேசாமல் இருந்துவிட்டார். அவரும் எங்கள் சட்டத்துக்குப் பழகிப்போனவர்தான். பாட்டுச் சத்தம் அப்பாவை எழுப்பவில்லை. மணியும் எழுப்பவில்லை. சிலுவைக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் ஒருவர், அவரை மறைத்திருந்த புதர்க்கிளையை விலக்க, முகத்தில் வெயில் விழுந்தது. தலையெல்லாம் பஞ்சாக, வெள்ளை வேட்டியோடு, இரண்டு கல்லறைக்கு நடுவிலிருந்து அப்பா எழுந்து உட்கார்ந்தார். அழுதுகொண்டு வந்த பெண்களில் ஒருத்தி "ஏ சேசுவே!" என்று அலறி மயங்கி விழுந்தாள். துக்க வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே வேணாம்ப்பா" என்று தன்மையாகச் சொன்னார். இந்தக் கதையைத் தெருவில் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் சொல்லுவார். ஆனால் அன்றைக்கு அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, பொருளைத் தொலைத்துவிட்டு வந்தவர்போல வாசலில் நின்றார்.

அதற்குப் பிறகு தூக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கிப் பார்த்தார். உறவினர் வீடு ஒன்றில் இரண்டு வாரம். தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் ஏறியிருந்தது.

"தூக்கம் நல்லா வருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"தூக்கம் வருதுங்கய்யா. எடந்தான் இல்ல."

டாக்டர் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மில்லில் நின்றபடியே அப்பா கண்ணசந்தார். மெஷினில் விழப்போனவரைப் பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். வீட்டில் அப்பா இதைச் சொல்லவில்லை. அந்தச் சட்டையின் முதுகு கிழிந்திருந்ததை வைத்து அம்மா கேட்டு வாங்கினாள். அடுத்த மாதம் அவராகவே போய்ப் பகல் ஷிப்டு கேட்டார். பேட்டா போயிற்று. நல்லவேளை, என் படிப்பு அதற்குள் முடிந்திருந்தது. இனி ராத்திரி தூங்கலாம் என்று நினைத்தோம். அத்தனை வருடம் ராத்திரியில் விழித்திருந்த உடம்புக்கு அது வரவில்லை. அப்பாவின் தூக்கம் மரத்தடியிலேயே நின்றுவிட்டது. மரம் இல்லாததால் அதுவும் எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்குச் சின்னக் காண்டிராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. என்ன வேலை என்றால், தெருக்களுக்குச் சிமெண்டு போடுகிற வேலைதான். டேப்பைப் பிடித்துச் சுவரிலிருந்து சுவருக்கு அளப்பேன். அளந்து முடித்ததும் ஏதாவது ஒரு வாசலில் நின்று கேட்பேன். "இங்க பகல்ல யாராச்சும் தூங்குறாங்களா?" சிலர் முறைப்பார்கள். சிலர் திருடன் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி, "எங்க மாமியா நாளு பூரா தூங்கும். கூட்டிட்டுப் போறியா?" என்றாள். யாராவது ஆமாம் என்று மரத்தைக் காட்டினால், அதைச் சுற்றி மூன்றடி விட்டுப் போடலாம் என்று முதலாளியிடம் கெஞ்சுவேன்.

"நீ ரோடு போட வந்தியா, தாலாட்டு பாட வந்தியா?" என்பார். இரண்டு தெருவில் விட்டார். மற்றவற்றில் விடவில்லை.

கடைசியில், சம்பளத்தில் கொஞ்சம் சேர்ந்ததும், எங்கள் தெருவில் எங்கள் மரம் நின்ற இடத்தைத் திறப்பது என்று முடிவு செய்தேன். சாலையை உடைக்க ஆபீசில் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். கிளார்க் நல்ல மனிதர்.

"குழாய்க்கா, சாக்கடைக்கா தம்பி?"

"மரத்துக்கு சார்."

பேனாவை மூடிவைத்தார். "மரம் வைக்க ரோட்ட ஒடைக்கிறேன்னு இதுவரைக்கும் யாரும் வரலையேப்பா." மறுபடியும் பேனாவைத் திறந்து, இதர காரணங்கள் என்ற இடத்தில் எழுதிக்கொண்டார். மறுபடியும் ஒரு முழுத்தாளில் நான் மனு எழுதினேன். இந்தத் தடவை அப்பாவிடம் முதலில் படித்துக் காட்டி, அவர் பெருவிரலையே வாங்கினேன். அவர் விழித்துத்தான் இருந்தார்.

மெஷின் வைத்து உடைத்தார்கள். மூன்றடிக்கு மூன்றடி. சிமெண்டுக்குக் கீழே சரளை, சரளைக்குக் கீழே பழைய மண். அதில் அந்தப் புங்கமரத்தின் வேர் ஒன்று, கறுத்துச் செத்து, அப்படியே கிடந்தது. தையல்கார மாமா அதைத் தொட்டுப் பார்த்தார். கன்று கோயில்பிள்ளை கொடுத்தது. கல்லறைத் தோட்டத்தில் அப்பா படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விதை விழுந்து தானாக முளைத்திருந்ததாம்.

அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் இரண்டு குடம் ஊற்றினார்கள். அப்பா குழியோரம் குந்தி உட்கார்ந்து, விரல் அகலம்கூட நிழல் இல்லாத அந்தக் கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நெழல் குடுக்க எத்தன வருசம் ஆகும்ப்பா?"

"ஏழெட்டு வருசம் ஆகும்ப்பா."

"அது வரைக்கும் முழிச்சிருக்க வேண்டியதுதான்" என்றார்.

அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம்.

பழைய மரங்கள் ஐந்துக்கும் யாரும் ஒரு காசு செலவழித்ததில்லை. இந்த ஒன்றுக்கு, சாலை உடைக்க ஆபீசில் கட்டியது, மெஷின் வாடகை, இரண்டு ஆள் கூலி, ஒரு வண்டி செம்மண், ஆடு கடிக்காமல் இருக்கக் கம்பிக்கூண்டு, எல்லாம் சேர்த்து ஆனது இரண்டாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.